அரைக் கட்டைத் தூரம்

தோட்டவெளிச் சந்தியிலிருந்து அரைக் கட்டை, அதாவது அரை மைல் தூரம் ஓடியிருக்கும். மோட்டார் சைக்கிளின் பின்சில்லு இனி உருளமாட்டேன் என்று நின்றுவிட்டது.

துஷாந்தன் இறங்கித் தள்ளிப் பார்த்தான். சில்லு அசையவில்லை, தார் வீதியில் கறுப்புக் கோடொன்றை மட்டும் இழுத்தது.

பின் பிறேக் இறுகிப் பிடித்திருந்தது. சில்லின் நடுவிலிருந்து கருகல் மணம் வந்தது.

மணி எட்டு ஐம்பது. ஒன்பதரைக்கு மன்னார் நகரத்துக் கந்தோர் ஒன்றில் அவனுக்கு நேர்முகத் தேர்வு. மூன்று வருடம் காத்திருந்து கிடைத்த அழைப்பு. அதற்காகவே பெரியமடுவிலிருந்து முதல்நாள் வந்து தோட்டவெளியில் அக்கா வீட்டில் தங்கியிருந்தான்.

பஸ்ஸைத் தவறவிட்டது அவனுடைய பிழை. சந்தித் தேநீர்க் கடை வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் சாவியோடு நின்றது யாருடைய பிழை என்பதை அவன் இன்னும் தீர்மானிக்கவில்லை.

பின்னேரம் அதே இடத்தில் கொண்டுவந்து விடுவதாக மனதுக்குள் சத்தியம் செய்துதான் எடுத்திருந்தான்.

வீதியோரக் கழுதை ஒன்று மேய்வதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தது.

பத்து நிமிடம் கழிந்திருக்கும், கடைப்பக்கமிருந்து ஒருவர் நடந்து வந்தார். வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட சாரம், அவசரமே அறியாத நடை. ஒவ்வொரு கையிலும் ஒவ்வொரு தலைக்கவசம் தொங்கியது. விற்கிறவராக்கும் என்று துஷாந்தன் நினைத்துக்கொண்டான்.

"என்ன தம்பி, பிறேக் இறுகிப்போச்சோ?"

"ஓம் நானா. பழைய சாமான்தானே."

"எவ்வளவு காலமா வச்சிருக்கிறீங்க?"

"மூண்டு வருசம்." காத்திருந்த காலமே வாயில் முதலில் வந்தது.

அவர் பெற்றோல் தாங்கியைத் தடவிப் பார்த்தார். "நல்லா வச்சிருக்கிறீங்க. ஒரு கீறல் இல்லை."

அந்தப் பாராட்டைத் துஷாந்தன் அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டான். பொய்க்கு இன்னும் கொஞ்சம் உரம் வேண்டுமென்று, ஞாயிறு தவறாமல் கழுவித் துடைப்பதாகவும் சொல்லிவைத்தான்.

"வெள்ளிக்கிழமை கழுவினா இன்னும் நல்லம்," என்றபடி அவர் தலைக்கவசங்களை மண்ணில் வைத்துவிட்டுக் குந்தினார்.

சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்பனர் வெளியே வந்தது. அவர் தேடவில்லை, சரியாகக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பிறேக் கம்பியின் நுனியில் இருந்த நட்டை விரல்கள் தாமாகவே கண்டுபிடித்தன. உதட்டுக்குள் எண்ணி எண்ணித் தளர்த்தினார். ஆறாவது சுற்றில் நிறுத்தி, உள்ளங்கையால் சில்லைத் தட்டினார்.

சில்லு சுழன்றது.

துஷாந்தனுக்கு அழுகை வராத குறை. நன்றி சொல்லிக்கொண்டே கைப்பிடியைப் பிடிக்கப் போனான். அதற்குள் அவர் சாரத்தை ஒதுக்கிக்கொண்டு ஆசனத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"சாவியை நான் கழட்டுறதில்லை தம்பி. கழட்டினா எங்கயாவது விட்டிருவன். நட்டைத்தான் ஆறு சுத்து இறுக்கிவிடுறனான்."

துஷாந்தன் நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டான்.

"ஏழு சுத்தெண்டா கடை வாசல்லயே நிண்டிரும். அங்க அகப்பட்டா சனம் அடிச்சுப்போடும். ஆறெண்டா சூடேறி இந்த இடத்திலதான் பிடிக்கும். இங்க நானும் இந்தக் கழுதையும் மட்டும்தானே."

கழுதை மறுபடி மேயத் தொடங்கியது.

அவன் கக்கத்தில் கசங்கிக் கிடந்த சான்றிதழ்க் கோப்பை அவர் அப்போதுதான் கவனித்தார். எத்தனை மணிக்கு என்று கேட்டார். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நேரம் காணும், போயிரலாம். ஏறுங்கோ."

ஒரு தலைக்கவசத்தைத் தான் போட்டுக்கொண்டு மற்றதை அவனிடம் நீட்டினார்.

துஷாந்தன் அதைத் தலையில் மாட்டினான். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், ஏதோ ஒரு வாசனைக் கிறீம்: உள்ளே, இங்கே அவனுக்கு முன் ஏறிய குறைந்தது மூன்று பேரின் தலை மணத்தது.