ஆண்டவர் பேரைச் சொல்லாத சாட்சி

"தெய்வ நாமத்திலா, திடப் பிரதிக்ஞையா?" என்று கோர்ட் கிளார்க் கேட்டார்.

சாட்சிக் கூண்டில் நின்றது சிலுவைராஜ் அண்ணன்.

"பிரதிக்ஞை" என்றார்.

சாமி பேரைச் சொல்லாமல், உண்மையே சொல்வேன் என்று மட்டும் உறுதி கூறுவது அது. விரும்புகிறவர்கள் அப்படிச் செய்யச் சட்டத்தில் இடம் உண்டு.

பின்பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்த யூனியன்காரர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் செங்கொடிக் கட்சி மந்திரிகள் பதவியேற்பதும் அப்படித்தான்.

"உபதேசியாரு தோழராயிட்டாரு மதினி. கேசு நம்ம பக்கம்" என்று பழனிச்சாமி என் காதில் சொன்னார்.

எனக்கு அது நல்லதாகப் படவில்லை.

எங்கள் எஸ்டேட் மாதா கோவிலுக்குப் பங்குச் சாமியார் எப்போதாவதுதான் மலையேறி வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் சொல்வது உபதேசியாரான சிலுவைராஜ் அண்ணன்தான். மழை வரும் என்று சொல்வதற்குக்கூட "ஆண்டவர் சாட்சியா" என்று ஆரம்பிக்கிறவர். அந்தப் பேரைச் சொல்லிவிட்டு அவரால் பொய் பேச முடியாது. எஸ்டேட் லய வீடுகளில் இருந்த எல்லாருக்கும் இது தெரியும். யூனியன்காரர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் சுருளிவேலும் அவரும் டீ பாக்டரியில் ஒரே ரோலர் மெஷினில் வேலை பார்த்தவர்கள். அந்த மெஷினில் சிக்கித்தான் இவர் செத்துப்போனார். பல்சக்கரத்தை மூடும் தகரத்தைக் கழற்றிப் போட்டு நாளாகியிருந்தது. பரவாயில்லை, ஓட்டு என்று மேலேயிருந்து உத்தரவு. பக்கத்தில் நின்று பார்த்தது சிலுவைராஜ் அண்ணன் ஒருவர்தான்.

தகரம் இருந்தது, ஆள்தான் குடித்திருந்தான் என்றது எஸ்டேட்.

டீயைத் தவிர வேறெதையும் குடிக்காத மனிதர். 'குடிகாரன்' என்ற அந்த ஒரு சொல்லை அவர் மேலிருந்து எடுப்பதற்காகத்தான் நான் வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறிக்கொண்டிருந்தேன்.

இவருக்கும் சிலுவைராஜ் அண்ணனுக்கும் சாமியைப் பற்றி ஓயாத சண்டை ஒன்று இருந்தது. எழுபத்தேழு தொடக்கத்தில், அரசியல் சட்டத்தின் முகப்பிலேயே மதச்சார்பற்ற நாடு என்று சேர்த்துவிட்டார்கள் என்று பேப்பரைத் தூக்கிக்கொண்டு இவர் அவர் வீட்டுக்கு ஓடினார். நான் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். சிலுவைராஜ் அண்ணன் விடவில்லை.

"வெள்ளக்காரன் வேதத்த வச்சுக் கட்டுன சர்க்கார்வே இது. நீங்க மேல சுண்ணாம்பு அடிச்சா ஆச்சா? ஞாத்துக்கெழம லீவு யாரு குடுத்தா? ஒம்ம தோழரா?"

"அந்த லீவுல நீங்க ஜெபம் பண்றீங்க, நான் தூங்குறேன். ரெண்டையும் ஏன்னு சர்க்கார் கேக்குதா? அம்புட்டுத்தான் உபதேசியாரே மதச்சார்பின்மை."

அன்றைக்கு அவர்கள் சிரித்த சிரிப்பில் லயமே எட்டிப் பார்த்தது.

கூண்டில் நின்றவர் சொல்லி முடித்தார். தகரம் இருந்தது. சுருளிவேல் வாயில் சாராய வாடை அடித்தது. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. பழனிச்சாமி என் பக்கம் திரும்பவேயில்லை.

மதியம் கோர்ட்டு எதிரே இருந்த டீக்கடையில் நின்றேன். சிலுவைராஜ் அண்ணன் ஒரு கிளாஸ் டீயோடு என்னிடம் வந்தார்.

"வேலுத்தாயி, ஆண்டவர் பேர நான் எடுக்கல. அது மட்டும் ஒனக்குத் தெரியணும்."

"அப்ப யாரு பேர்லண்ணே சொன்னீங்க?"

"சர்க்கார் கேட்டுச்சு, சர்க்காருக்குச் சொன்னேன். அதுக்குத்தான் சாமி இல்லைன்னு ஒம் புருசனே சொல்லுவானே." மலைமேல் எஸ்டேட் பக்கம் கையைக் காட்டினார். "எஸ்டேட்டுக்காரன் லயத்தக் காலி பண்ணுன்னா, ரெண்டு பொட்டப்புள்ளைகளோட எங்கம்மா போவேன்?"

டீயை வாங்கி ரோட்டில் ஊற்றினேன். காலி கிளாஸை அவர் கையிலேயே கொடுத்தேன்.

அதற்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

பிரதிக்ஞை செய்வது என்றுதான் முடிவு செய்து வந்திருந்தேன். இவர் உயிரோடு இருந்தால் அதைத்தான் செய்வார். வாயில் நுழையாத அந்த வார்த்தையை வரும் வழியெல்லாம் சொல்லிப் பழகியிருந்தேன்.

கிளார்க் அதே கேள்வியைக் கேட்டார். சிலுவைராஜ் அண்ணன் கடைசி பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"தெய்வ நாமத்தில்" என்றேன்.

யூனியன்காரர்கள் முகம் சுண்டிப்போனது. தோழர் பெண்டாட்டி கடைசியில் சாமியைப் பிடித்துக்கொண்டாளே என்று பிற்பாடு எவ்வளவோ பேசினார்கள்.

தெரிந்ததையெல்லாம் சொன்னேன். ஒன்றும் நிற்கவில்லை. நேரில் பார்க்காதவள், அதிலும் பெண்டாட்டி. குடித்திருந்தார் என்றே தீர்ப்பில் எழுதினார்கள். இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

எந்தத் தெய்வம் என்று கிளார்க் கேட்கவில்லை. கேட்பதற்குச் சட்டம் இல்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் பிறந்ததிலிருந்து கும்பிட்ட எந்தச் சாமியும் இல்லை. சிலுவைராஜ் அண்ணனுடைய ஆண்டவர் பேரில்தான் சத்தியம் செய்தேன்.

காலையிலிருந்து அந்த ஆண்டவர் அங்கே யாரும் கூப்பிடாமல் சும்மாதானே இருந்தார்.