கவுத்து மாஸ்டர்

திரை விலகியதும் யாரும் கை தட்டவில்லை.

பலகையில் பெரிய எழுத்தில் ஒரு முழுப்பெயர். முன்னால் இரண்டு இனிஷியல். கூட்டம் அண்ணாந்து படித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

"இது யாருப்பா?" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவளுக்குச் சுருக்கென்றது. அது அவள் கணவரின் பெயர்.

படகுப் பயிற்சி மையத்தின் மேலாளர் பதறிப்போய் மைக்கைப் பிடுங்கினார். "நம்ம கவுத்து மாஸ்டர்தாங்க!"

அவ்வளவுதான். இடமே அதிர்ந்தது. ஹெல்மெட் மாட்டிய பிள்ளைகள் துடுப்பால் கம்பித் தடுப்பைத் தட்டினார்கள். நரைத்த தலைகள் விசிலடித்தன. ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கவுத்து மாஸ்டரா? யார் அது?

அவர்களுடைய வீட்டில் அந்த வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். நம்பியவரை ஏமாற்றுகிறவனைத்தான் கவுத்துவிட்டான் என்பார்கள்.

அவருக்கு வேலை மோட்டார் ரூமில். அப்படித்தான் அவளிடம் சொல்லியிருந்தார். நகராட்சி கட்டிய நீண்ட சிமெண்ட் ஓடை. மோட்டாரைப் போட்டால் தண்ணீர் மலையிலிருந்து இறங்குவதுபோல் நுரைத்துப் புரளும். அதில் பிள்ளைகள் சின்னச் சின்னப் படகு விடுவார்கள். நமக்கு அந்தப் பக்கமே வேலையில்லை, உள்ளே உட்கார்ந்து மோட்டாரைப் பார்த்துக்கொள்வதோடு சரி என்பார். தினமும் ஈரத்தலையோடுதான் வருவார். கேட்டால், "அங்க ஒரே வெக்கை, குளிச்சிட்டு வந்தேன்" என்பார். சளி பிடிக்கப்போகிறது என்று இவள்தான் துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவாள்.

போன மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார். வாசல் கொள்ளாமல் இளவட்டங்கள் வந்து அழுதபோதே அவளுக்குக் கொஞ்சம் வியப்புதான். மோட்டார் போடுகிறவருக்கு இத்தனை பேரா? இந்த விழாவுக்கு அழைப்பு வந்தபோதுகூடத் தங்கையிடம், "ஏதோ மோட்டார் ரூமுக்கு அவர் பேரை வைக்கிறாங்களாம்" என்றுதான் சொல்லிவிட்டு வந்தாள்.

ஆள் மாறிப்போயிருக்குமோ?

மேடையில் இருந்த படத்தைப் பார்த்தாள். அவரேதான். தாடியில் தண்ணீர் சொட்ட, கடைவாய்ப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை அவள் பார்த்து எத்தனையோ வருடமாகிறது.

ஈர லைஃப் ஜாக்கெட்டோடு ஒரு பெண் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். அவரிடம் கற்றவள், இப்போது அவர் இடத்தில் கற்றுக்கொடுப்பவள்.

"யாரு வந்தாலும் முதல் நாளே படகைக் கவுத்து விட்டுடுவாரும்மா. துடுப்பையே கையில குடுக்க மாட்டார். கவுந்த படகுலேர்ந்து தானா வெளிய வரணும், அப்பத்தான் அடுத்த பாடம். நாங்க அழுவோம், திட்டுவோம். பக்கத்துலயே இடுப்பளவு தண்ணில நின்னுக்கிட்டு இருப்பாரு, ஒரு வார்த்தை பேச மாட்டாரு."

ஊரையே ஒவ்வொருவராகக் கவிழ்த்திருக்கிறார். கடைசியில் இவளையும்.

கோபப்படுவதா பெருமைப்படுவதா என்று தெரியவில்லை. ஏன் மறைத்தார் என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. தெரிந்திருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு போயிருப்பாள். ஆனால் ஏன் அங்கே போனார்? இனித் தண்ணீர்ப் பக்கமே போவதில்லை என்று சத்தியம் செய்துகொடுத்த மனுஷன், போயும் போயும் அங்கேயா போவார்?

மேலாளர் மைக்கை அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்காமல் எழுந்து ஓடைக்கரையை நோக்கி நடந்தாள். கூட்டம் வழிவிட்டது. பயிற்சி தரும் அந்தப் பெண் பதறிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

கரையில் ஒரு படகு கிடந்தது. ஒல்லியான பிளாஸ்டிக் படகு, நடுவில் ஒரு ஆள் இடுப்புவரை நுழையும் குழி. தண்ணீர் உள்ளே போகாமலிருக்க அந்தக் குழியை மூடி ஒரு ரப்பர் துணி இழுத்து மாட்டியிருந்தது.

"கவுந்துட்டா இதுலேர்ந்து எப்படிம்மா வெளிய வர்றது?"

அந்தப் பெண் குனிந்து, துணியின் முன்விளிம்பில் தொங்கிய வளையத்தைக் காட்டினாள்.

"இதைப் பிடிச்சு இழுத்தாப் போதும்மா, துணி விட்டுடும். ஒரே மூச்சுல வெளிய வந்துடலாம்."

அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். வளையத்தைப் பிடித்து இழுத்தாள். பொத்தென்ற சத்தத்தோடு துணி கழன்று வந்துவிட்டது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா. சின்னப் பிள்ளைகூட செஞ்சிடும். ஆனா யாராவது முன்னாடியே சொல்லிக் குடுத்திருக்கணும்."

அவள் அந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

பல வருடங்களுக்கு முன், ஆற்றங்கரையில் வாடகைக்கு விட்ட படகில், மகனைத் தூக்கி உட்காரவைத்து, சிரித்துக்கொண்டே படகைத் தள்ளிவிட்டவர் அவர்தான். கவிழ்ந்த படகோடு சேர்த்துக் கரைக்கு இழுத்து வந்து நிமிர்த்தியபோது, மூச்சு நின்றுபோன பிள்ளையின் வயிற்றுக்கு முன்னால் இதேபோல் ஒரு வளையம் தொங்கிக்கொண்டிருந்தது. அது எதற்கென்று அன்றைக்கு அவள் கேட்கவில்லை. அவருக்கும் தெரியவில்லை.