கல்யாணத்துக்குப் போன கோல்கீப்பர்

"சனிக்கிழமை நான் ஆட முடியாது அல்டன். கால்வேயில சித்தப்பா பொண்ணுக்குக் கல்யாணம்."

பயிற்சி முடிந்து எல்லாரும் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கோல்கீப்பர் காஹல் இதைச் சொன்னான். பயிற்சியாளர் அல்டன் கில்ஹூலிக்கு, தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றியது.

கையாலும் காலாலும் ஆடும் கேலிக் கால்பந்தில், அந்த மாவட்டத்தின் அணிக்குப் பெரிய கோப்பையில் இடம் கிடையாது. தேறாத மாவட்டங்களுக்கென்று ஒதுக்கிவைத்த இரண்டாம் கோப்பைதான். அதற்கு ஆள் சேர்ப்பதற்குள்ளேயே அல்டனுக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஒருவன் கோடைக்கு பாஸ்டன் கிளம்பிப் போனான். இன்னொருவன் காதலியோடு ஸ்பெயின். மூன்றாமவன், மழை வருவதற்குள் மாட்டுக்குப் புல் அறுக்க வேண்டும் என்றான். பெரிய கோப்பையாக இருந்தால் அந்தப் புல் பொறுத்துக்கொண்டிருக்காதா?

போகட்டும், கோல்கீப்பராவது கல்லு மாதிரி நிற்கிறான் என்று நம்பியிருந்தார். இப்போது அவனும்.

ஆட்டம் முடிந்து நேரே விருந்துக்குப் போகலாமே, நானே காரில் கொண்டுபோய் விடுகிறேனே என்று கெஞ்சிப் பார்த்தார். இதில் தோற்றால் இந்த வருடம் இத்தோடு சரி என்றும் சொன்னார். காஹல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"இது இரண்டாம் கோப்பைதானே அல்டன். இதுக்காக எல்லாம் கல்யாணத்தை விட முடியுமா?"

மறுநாள் காலைக்குள் அந்த ஒரு வரி மாவட்டம் முழுக்கப் பரவிவிட்டது. துரைக்கு இந்தக் கோப்பை பத்தாதாம் என்று ரொட்டிக்கடை வரிசையில்கூடப் பேசிக்கொண்டார்கள்.

வேறு வழியில்லை. மலக்கியைத்தான் இறக்க வேண்டும்.

மலக்கி நல்லவன். வருடக்கணக்காக மாற்று கோல்கீப்பராக பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். மழையோ பனியோ ஒரு பயிற்சியைத் தவறவிட்டதில்லை. ஆனால் காஹலுக்கு ஒரு காய்ச்சல்கூட வராததால், கோப்பை ஆட்டத்தில் ஒரு நிமிடமும் அவன் களம் கண்டதில்லை. அடுத்த மாதம் பெண்டாட்டி பிள்ளையோடு ஆஸ்திரேலியாவுக்கே குடிபோகிறான். எலக்ட்ரீஷியன் வேலை, அங்கே நல்ல சம்பளம். உயரமாக வரும் பந்துக்கு அவன் கை நடுங்கும் என்பது அல்டனின் தீராத கவலை.

அது வெளியூர் ஆட்டம். நல்ல மழை. அல்டன் பயந்தபடியே, ஆரம்பத்திலேயே உயரமாக வந்த பந்து மலக்கியின் கையில் பட்டு நழுவி கோலுக்குள் போனது. அல்டன் தொப்பியைச் சேற்றில் வீசினார். மலக்கியைத் திட்டவில்லை. கால்வேயில் கறி தின்றுகொண்டிருக்கும் ஒருவனைத் திட்டினார்.

அதற்குப் பிறகு என்ன ஆனதோ, மலக்கி வலைக்குள் எதையும் விடவில்லை; கம்பத்துக்கு மேலே அடித்து அவர்கள் எடுத்த ஒற்றைப் பாயிண்ட்டுகளோடு சரி. கடைசியில் நெருங்கி வந்து அடித்த ஒரு பந்தைக் காலாலேயே தடுத்துவிட்டான். ஒரு பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். மைதானத்துக்குள் ஓடிவந்த அவன் பெண்டாட்டி குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். அவன் சேறும் மழையுமாகக் குழந்தையை அணைத்துக்கொண்டு நின்றான்.

உள்ளூர் வானொலிக்காரர் மைக்கை நீட்டினார். அல்டனுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

"இந்தக் கோப்பை தன் தகுதிக்குக் குறைச்சல்னு நினைக்கிற பெரிய மனுஷங்க விருந்து சாப்பிட்டுக்கிட்டே இருக்கட்டும். எங்களுக்கு மலக்கி போதும்."

சொன்னதைச் செய்தும் காட்டினார். காலிறுதியிலும் மலக்கிதான் நின்றான். காஹல் பெஞ்சில் உட்கார்ந்தான். அடுத்த கல்யாணம் எப்போ என்று கூட்டத்திலிருந்து கேலி செய்தார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஆட்டத்தில் நன்றாக உதை வாங்கி வெளியேறினார்கள். மலக்கியும் விமானம் ஏறிவிட்டான்.

அடுத்த வாரம் அல்டன் கன்றுக்குட்டிகளுக்குத் தீவனம் வாங்கக் கடைக்குப் போனார். கல்லாவில் காஹலின் அக்கா அட்ராக்டா. பேசாமல் வந்திருக்கலாம். நாக்கு கேட்கவில்லை. கால்வே கல்யாணமெல்லாம் அமர்க்களமாக நடந்ததா, பொண்ணு மாப்பிள்ளை சௌக்கியமா என்று குத்தலாக விசாரித்தார்.

அட்ராக்டா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"எங்களுக்கு இருக்கிறதே ஒரே ஒரு சித்தப்பா. அவர் கென்யாவுல பாதிரியாரா இருக்கார். அவருக்கு ஏது பொண்ணு?"

அல்டனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்.

"மலக்கி ஊரைவிட்டுப் போறதுக்குள்ள ஒரு ஆட்டமாவது அவனை நிக்க வைங்கன்னு இவன் உங்ககிட்ட கேட்டானாமே? நீ படுத்த படுக்கையானா பார்க்கலாம்னு சொன்னீங்களாம். அடிபட்டிருக்குன்னு சொன்னா உங்க டீம் டாக்டர் கண்டுபிடிச்சிடுவார். அதான் கல்யாணம்."

சொன்னது ஞாபகம் வந்தது. சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருந்தார். தீவன மூட்டையின் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"அப்போ அன்னிக்கு அவன் எங்கதான் போனான்?"

"எங்க போவான்? டிக்கெட் எடுத்து, தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு, அந்த ஊர்க்காரங்க கூட்டத்துக்குள்ள நின்னு ஆட்டத்தைப் பார்த்தான். யாரும் கண்டுபிடிச்சிடக் கூடாதேன்னு, அவங்க பாயிண்ட் எடுக்கும்போதெல்லாம் இவனும் சேர்ந்து கை தட்டினானாம். ஊர் திட்டினது பரவாயில்லையாம். அந்தக் கை தட்டினதுதான் இன்னும் மனசு ஆறலைங்கிறான்."