பத்துமணிச் செடியை ஒடித்தவள்

“எவடி அவ, என் பத்துமணிச் செடியில கை வச்சவ?”

சுலோசனாவின் குரல் செல்லிப்பட்டில் அந்தத் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. எதிர்வீட்டுக் கலியம்மாள் மிக்சியை நிறுத்தினாள். இந்த வாரம் முழுக்க இதே கூச்சல்தான்.

வெளியே ஓடிவந்து பார்த்தாள். சுலோசனா வீட்டு கேட்டுக்கு இந்தப் பக்கம், ரோட்டில், பூவும் மொட்டுமாக ஒடித்த தண்டுகள் சிதறிக் கிடந்தன. உள்ளே பாய் விரித்தாற்போலப் படர்ந்திருந்த செடியில், ஓரமாக ஒரு இடம் மொட்டையாகத் தெரிந்தது.

அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். நடுவில் காசம்மாள். அவள் காதில் ஒரு சேதி விழுந்தால், பஸ் போய்ச் சேருவதற்கு முன்னால் அது மதகடிப்பட்டு போய்ச் சேர்ந்துவிடும்.

“யாரா இருக்கும்க்கா?” என்றாள் காசம்மாள் ஆசையாக.

“எனக்கு இன்னா தெரியும்? இந்த அடுக்குச் சிவப்பு இந்தத் தெருவுலயே எங்க வூட்டுலதான் இருந்துச்சு. இப்ப இன்னொரு வூட்டுலயும் பூக்குது. நான் யாரையும் சொல்லல.”

எல்லோரும் திரும்பிக் கலியம்மாள் வாசலைப் பார்த்தார்கள். ஓட்டை பக்கெட்டில் அதே அடுக்குச் சிவப்பு.

“எக்கா, அது ரோட்டுல கெடந்த துண்டு! மாடு மிதிக்கப் போவுதேன்னு எடுத்து நட்டேன்.”

“கேட்டு வாங்கி வச்சா வராது, திருடி வச்சாத்தான் தழையும்னு சொல்லுவாங்க. நல்லாத்தான் தழைஞ்சிருக்கு!” என்றாள் காசம்மாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

கலியம்மாளுக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை.

“ஒரு செடிக்காடி அழுவுற?” என்றான் புருஷன் ராமு.

“செடிக்கா அழுவுறேன்? திருடின்னு சொல்லாம சொல்லிட்டாங்கய்யா. நாளைக்குத் தெருவுல ஒரு கொலுசு காணாம போனா, எல்லாரும் எந்த வூட்டைப் பார்ப்பாங்க?”

“அப்ப அந்தப் பக்கெட்டுச் செடியப் புடுங்கிப் போடு.”

“புடுங்குனா, பயந்துட்டான்னு சொல்லுவாங்க.”

“அப்ப காவல் இருந்து கள்ளனைப் புடி, போ” என்று சொல்லிவிட்டு அவன் கை கழுவப் போனான்.

அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். கலியம்மாள் விடவில்லை.

மறுநாள் அவன் கரும்புக் கொல்லைக்குக் கிளம்பியதும், வடகத் தட்டோடு மொட்டை மாடிக்கு ஏறினாள். காயப்போட்ட புடவைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். இன்றைக்குத் திருடியைக் கையும் களவுமாகப் பிடித்து, ஊரைக் கூட்டி நாறடித்துவிடவேண்டும்.

நூறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் போய்விட்டார்கள். தெருவில் ஈ காக்கா இல்லை. வெயில் ஏற ஏற, எதிர்வீட்டுப் பூக்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

சுலோசனா கையில் போனோடு வெளியே வந்து செடி ஓரம் உட்கார்ந்தாள்.

கொடுத்து வைத்தவள் என்றுதான் கலியம்மாள் எப்போதும் நினைப்பாள். மதகடிப்பட்டில் மளிகைக்கடை வைத்திருந்த ஜெகநாதன் செட்டியார் பெண்டாட்டி. அவர் போய்ச் சேர்ந்த பிறகு கடையை மூடிவிட்டார்கள். பிள்ளை சிங்கப்பூரில். இவ்வளவு பெரிய வீட்டில் ராணி மாதிரி தனியாக இருக்கிறாள்.

“கௌதம், பூ போட்டோ அனுப்புனேனே, பார்த்தியாப்பா?” போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

“பார்த்தேம்மா. சூப்பர். மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசுறேன்.”

“சாப்ட்...”

அதற்குள் கட்டாகிவிட்டது.

சுலோசனா போனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். தெருவை இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள். யாரும் வரவில்லை.

பிறகு குனிந்து, விரிந்த பூக்களோடு ஒரு பிடி தண்டை மளுக்கென்று ஒடித்தாள். கேட்டுக்கு மேலாக ரோட்டில் வீசினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். மூச்சை இழுத்தாள்.

“எவடி அவ, என் செடியில கை வச்சவ?”

கலியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இரு, வர்றேன்” என்று முணுமுணுத்தபடி தடதடவென்று படியிறங்கினாள். வாயில் வார்த்தை கொதித்தது.

கேட் முன்னால் காசம்மாளும் இன்னும் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள்.

“இப்படிக் கத்தாதக்கா, பிரஷர் ஏறிடும். காலையில சாப்டியா இல்லியா?” என்று கேட்டாள் ஒருத்தி.

“ஆச்சு, ரெண்டு இட்லி. ஒருத்திக்கு இன்னா இட்லி? அரைச்ச மாவு புளிச்சுப் போவுது. உள்ளதான் வாங்களேன், டீ போடுறேன்.” கல்யாண வீட்டுக்காரி மாதிரி இருந்தது சுலோசனாவின் முகம்.

“டீக்கெல்லாம் நேரமில்லக்கா. யாருன்னு மட்டும் சொல்லு, கேட்டுட்டுக் கெளம்புறோம்” என்றாள் காசம்மாள். அவள் கண் கலியம்மாள் மேல் விழுந்தது. “ஏ கலியம்மா, நீ மாடியிலேர்ந்துதான எறங்கி வர்ற? பார்த்தியா?”

சுலோசனா நிமிர்ந்து மாடியைப் பார்த்தாள். காயும் புடவையைப் பார்த்தாள். முகத்தில் இருந்த வெளிச்சம் சட்டென்று அணைந்தது. ஒடித்த கையை மறுபடியும் முந்தானையில் துடைத்தாள்.

“பார்த்தேன்” என்றாள் கலியம்மாள்.

“யாருடி?”

கலியம்மாள் அந்தக் கையையே பார்த்தாள்.

“நான்தான் ஒடிச்சேன். ஒடிச்சிட்டுத்தான் மாடிக்கு ஓடுனேன். இன்னா இப்ப?”

கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், வாசற்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“நீங்கல்லாம் போயி வேலையப் பாருங்க. எக்கா, நீ திட்டு. மத்தியானம் வரைக்கும் எனக்கு ஒரு வேலையும் இல்ல.”