கருப்பனின் தொட்டி

"என் தொட்டியில விட முடியாதும்மா. வேற யாருகிட்டயாவது குடுத்துட்டுப் போங்க."

பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் சொல்லிவிட்டார் வேணுகோபால்.

பக்கத்து வீட்டு ஹஃபீசாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அவள் மகள் ஹுமா, இரண்டு கோல்டு ஃபிஷ் கிடந்த கண்ணாடிக் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள்.

"நாளைக்கு ஃப்ளைட்டுங்கண்ணே. ஷார்ஜாவுக்கு மீனைக் கொண்டுபோக முடியாதுன்னு சொன்னதுலேருந்து இவ சரியாவே சாப்பிடல. மீனும் வளந்துடுச்சு, கிண்ணம் பத்தல. உங்க வூட்லதான் பெரிய தொட்டி இருக்கேன்னு..."

"தொட்டி இருக்கு. உள்ள ஆஸ்கர் மீனு இருக்கே! இது ரெண்டையும் விட்டா விடியறதுக்குள்ள முழுங்கிடும்."

"சரிங்கண்ணே. நாங்க வரோம்."

ஹஃபீசா மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிப்போனாள். ஹுமா தொட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஜானகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சின்னப் புள்ள ஆசையா வந்து நிக்குது. மூஞ்சில அடிச்ச மாதிரியா சொல்லுவீங்க?"

"ஒத்துப்போகாத மீனை ஒண்ணா விடச் சொல்றியா?"

"அதுக்குத்தான் வேளாவேளைக்குத் தீனி போடுறீங்களே. வயிறு நெறஞ்ச மீன் இன்னொண்ண ஏன் திங்கப் போவுது?"

"பசிக்குத் திங்கறது இல்ல ஜானகி. வாயில கொள்ளுற எதையும் விடாது. அதோட கொணம் அது."

"அப்ப இன்னொரு தொட்டி வாங்குங்க."

"இந்த வூட்ல எங்க வைக்கிறது? கட்டிலுக்கு மேலயா?"

எல்லாம் சாக்கு என்று நினைத்தாள் ஜானகி. ஹஃபீசாவின் புருஷன் அப்துல் லத்தீப் போன லீவில் வந்திருந்தபோது, இரண்டு வீட்டுக்கும் பொதுவான தண்ணி மோட்டாரை வைத்து இவருக்கும் அவருக்கும் பெரிய வாய்ச்சண்டை. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

"மோட்டார் சண்டைய மனசுல வெச்சுக்கிட்டு மீன் மேல பழியப் போடாதீங்க" என்று நேராகவே சொல்லிவிட்டாள்.

அவர் எழுந்துபோய்த் தொட்டி முன்னால் உட்கார்ந்தார். ஆள் அரவம் தெரிந்ததுமே அந்த ஆஸ்கர் மீன், அவருடைய கருப்பன், கண்ணாடியோரம் வந்து நின்றான். சுண்டுவிரல் அளவில் வாங்கிவந்த மீன், இன்றைக்கு உள்ளங்கைக்கு அடங்காது. அவர் கையிலிருந்துதான் தீனி வாங்குவான். ஜானகி போட்டால் ஏறெடுத்தும் பார்க்கமாட்டான்.

"மீனைக் கொஞ்சத் தெரியுது. பக்கத்து வூட்டுப் புள்ள அழுதா மட்டும் கண்ணு தெரியல" என்று முணுமுணுத்துக்கொண்டே ஜானகி அடுப்படிக்குள் போனாள். அப்புறம் அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

மத்தியானம் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.

"அரியலூர் வரைக்கும் போயிட்டு வரேன். ராசாங்கத்தைப் பாக்கணும்."

ராசாங்கமும் மீன் பைத்தியம்தான். வீடு முழுக்கத் தொட்டியாக வைத்திருக்கிறவர். 'இப்ப இது ஒண்ணுதான் கொறச்சல்' என்று ஜானகி வாசலுக்குக்கூட வரவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் பஸ்ஸை விட்டிறங்கி வந்தார். கையில் காலி வாளி. தன் வீட்டுக்குள் நுழையாமல் நேரே பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றார்.

"பாப்பா, மீனைக் கொண்டா."

ஹுமா கிண்ணத்தோடு ஓடிவந்தாள். பின்னாலேயே ஹஃபீசாவும் வந்தாள். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அவர் தன் வீட்டுத் தொட்டியருகே போனதும், அடுப்படியிலிருந்து ஜானகி பதறிக்கொண்டு வந்தாள்.

"என்னங்க இது! விடியறதுக்குள்ள முழுங்கிடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் காதில் வாங்கவில்லை. கிண்ணத்தை மெல்லச் சாய்த்தார். இரண்டு மீனும் நழுவி இறங்கி, அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக நீந்த ஆரம்பித்தன.

ஹுமா கண்ணாடியில் மூக்கை அழுத்தி, கல்லுக்குப் பின்னால், பாசிக்குப் பின்னால் எல்லாம் தேடினாள்.

"கருப்பன் எங்க மாமா?"

வேணுகோபால் காலி வாளியை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"அவனும் ஊருக்குப் போயிட்டாம்மா."