சம்மதக் கடிதம்

"இது ஆய்வேடா, மொட்டைக் கடுதாசியா?"

பேராசிரியை ஆய்வேட்டுக் கட்டை மேசைமேல் போட்ட வேகத்தில் பேனா மூடி உருண்டு கீழே விழுந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தொலைத்தொடர்புக் கொள்கை முதுகலை வகுப்பில் அவர்தான் மூத்த மாணவர். வயது நாற்பத்தொன்பது. கூடப் படிக்கிறவர்கள் 'பெரியப்பா' என்றுதான் கூப்பிடுவார்கள். பாடம் நடக்கும்போதும் யாரையோ அடிக்கப் போகிறவர்போலவே உட்கார்ந்திருப்பார்.

"மொட்டைக் கடுதாசியில பேர் இருக்காது மேடம். இதுல என் பேர் இருக்கு."

"நக்கல் வேணாம் சார். கம்பெனி குடுத்த சிக்னல் மேப் பொய்னு எழுதுங்க. நேர்ல போய் அளக்காம, கம்ப்யூட்டர் கணக்கை வெச்சே ஊர் முழுக்க சிக்னல் இருக்குன்னு பச்சை அடிச்சாங்கன்னு எழுதுங்க. ஆதாரம் இருக்கு. ஆனா, மேப்புல கையெழுத்து போட்ட இன்ஜினியரை ஜெயில்ல போடணும்னு ஒரு அத்தியாயமே எழுதியிருக்கீங்களே?"

"போடணும்."

"கம்பெனிக்கு அபராதம் பத்தாதா?"

"அதெல்லாம் அவங்களுக்குக் கொசுக்கடி. சொறிஞ்சுட்டுப் போயிடுவாங்க. கையெழுத்து போட்டவனுக்கு வலிக்கணும்."

"மேல இருக்கிறவன் போடச் சொல்லியிருப்பான். சின்ன மீனை மாட்டிவிட்டுட்டு அவன் தப்பிச்சுடுவான். இதுதான் உங்க கொள்கையா?"

"சொன்னா? இவன் கை எங்க போச்சு?" பெரியப்பாவின் குரல் உயர்ந்தது. அடுத்த அறையில் கீபோர்டு சத்தம் சட்டென்று நின்றது.

"கத்தாதீங்க. நாளைக்குக் கடைசித் தேதி. அந்த அத்தியாயத்தை எடுக்கலைன்னா நான் கையெழுத்து போட மாட்டேன். ரெண்டு வருஷப் படிப்பும் ஆத்துல கரைச்ச புளிதான்."

"போடாதீங்க. நீங்க படிச்சுப் பார்த்துட்டு மாட்டேங்கறீங்க. அவன் படிக்காமலே போட்டான்."

பேராசிரியை கொஞ்சம் இறங்கி வந்தார். பெரியப்பாவின் மனைவி இறந்த கதை துறையில் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் தனியாக இருந்தபோது நெஞ்சுவலி. ஆம்புலன்சுக்குப் பதினோரு தடவை முயன்றும் அழைப்பு போகவில்லை. அந்தத் தெருவில் சிக்னலே கிடையாது. மேப்பில் மட்டும் பச்சை.

"உங்க வேதனை புரியுது சார். ஆனா இது பழி வாங்கற இடம் இல்ல. பின்னிணைப்புல அந்த ஆள் பேருக்கு வேற இடம் விட்டு வெச்சிருக்கீங்க. அவர் சம்மதம் எழுதிக் குடுக்காம பேரைப் போட நெறிமுறைக் குழு விடாது. எந்த மடையன் எழுதிக் குடுப்பான்? அவனும் புள்ளகுட்டிக்காரனாத்தானே இருப்பான்."

"ஒரே பொண்ணு. அவ அவன்கிட்ட பேசி மூணு வருஷமாச்சு."

"வீடு வரைக்கும் போய் விசாரிச்சீங்களா?" பேராசிரியைக்கு மறுபடி கோபம் தலைக்கேறியது. "ஒரு மனுஷனை இப்படியா துரத்துவீங்க? உங்களுக்கு ஈவிரக்கமே கிடையாதா?"

பெரியப்பா பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவினார். தாள் கிழிந்துவிடும்போல அழுத்தி அழுத்தி நாலு வரி எழுதினார். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, பேராசிரியை பக்கம் தள்ளினார்.

"சம்மதக் கடிதம் மேடம். ஆபீஸ்ல உட்கார்ந்த இடத்துலயே எங்க தெருவுக்குப் பச்சை அடிச்ச மேப்புல கையெழுத்து போட்டவன் நான்தான்."