கதவைச் சாத்துங்க சார்

குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் பதவியை எந்த நேரத்தில் ஒத்துக்கொண்டோமோ என்று அவர் தலையில் அடித்துக்கொள்ளாத நாளே கிடையாது. குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் அவரைத்தான் பிடிப்பார்கள், தொட்டி நிரம்பி வழிந்தாலும் அவரைத்தான் பிடிப்பார்கள்.

இன்றைக்கு அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இரண்டாம் மாடி டீச்சர் சோபாவில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"அந்த ஆளை இன்னைக்கு நீங்க கண்டிச்சே ஆகணும் சார்."

எந்த ஆள் என்று கேட்கவே தேவையில்லை. மூன்றாம் மாடியில் குடியிருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். தனிக்கட்டை. அவரைப் பற்றி இந்த வாரம் முழுக்கப் புகார்தான்.

விஷயம் இதுதான். அந்தக் கட்டடத்துப் பிள்ளைகள் எப்போது பார்த்தாலும் போனும் கையுமாக இருக்கிறார்கள் என்று புலம்பிய பெற்றோர்கள், லூடோ, பாம்பு ஏணி, செஸ் என்று தாங்கள் சின்ன வயதில் ஆடியதையெல்லாம் தேடி வாங்கிக் கொடுத்தார்கள். பிள்ளைகளும் போனை மறந்து அதிலேயே விழுந்து கிடந்தார்கள். அப்புறம் பகடை உருளும் சத்தமும் 'நீ அழுகுணி' சண்டையும் காதைக் குடைய, வெளியே போய் ஆடித் தொலையுங்கள் என்று விரட்டியதும் அதே பெற்றோர்கள்தான்.

பிள்ளைகள் எங்கே போவார்கள்? மூன்றாம் மாடியில், கண்ணாடிக் கடைக்காரர் வீட்டு வாசலுக்கு எதிரேதான் கால் நீட்டி உட்கார இடம் இருந்தது. சாயங்காலமானால் அங்கே கூடிவிடுவார்கள்.

அந்த மனிதரோ கடையிலிருந்து வந்ததும் கதவை விரியத் திறந்துவிட்டு, வாசற்படியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுகிறாராம். கொசு பிடுங்கினாலும் கதவைச் சாத்துவதில்லையாம். டிவி பக்கமே போவதில்லையாம். கடைசிப் பிள்ளை எழுந்து போகிறவரை இடத்தைவிட்டு அசைவதில்லையாம். டீச்சர் மூச்சு விடாமல் அடுக்கினார்.

"கல்யாணம் காட்சின்னு எதுவும் இல்லாத மனுஷன் சார். நாமதான் நாலையும் யோசிக்கணும். பொண்ணுங்களும் அங்கதானே உக்காந்திருக்கு."

"நம்ம பொண்ணும்தான்" என்று சமையலறையிலிருந்து மனைவி எடுத்துக் கொடுத்தாள்.

செயலாளருக்கு ஜிவ்வென்று ஏறியது. ஏற்கெனவே அந்த ஆள்மேல் அவருக்குக் கடுப்பு. போன வாரம் வந்து, "சார், சாயங்காலத்துல புள்ளைங்க நம்ம வாசல்ல விளையாடறாங்க இல்ல..." என்று இழுத்தபோதே, குழந்தைகள் என்றால் சத்தம் போடத்தான் செய்வார்கள், அனுசரித்துப் போங்கள் என்று வாயை அடைத்து அனுப்பியிருந்தார். சொல்லிப் பார்த்து நடக்கவில்லை என்றதும் முறைத்தே விரட்டலாம் என்று பார்க்கிறார் போலிருக்கிறது. இல்லை, டீச்சர் சொல்கிற மாதிரி வேறு ஏதாவதா? இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கிளம்பினார்.

மாடிப்படியில் யார் வீட்டுச் செருப்போ காலை இடறியது. அதற்கும் சேர்த்துத் திட்டிக்கொண்டே ஏறினார்.

மேலே லூடோ உச்சத்தில் இருந்தது. அவருடைய மகளின் கடைசிக் காய் பழமாக ஒரே ஒரு நல்ல எண் விழுந்தால் போதும். வாசற்படியில் கண்ணாடிக் கடைக்காரர், துண்டால் கால் கொசுவை விரட்டிக்கொண்டு ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

செயலாளர் சுற்றி வளைக்கவில்லை.

"என்ன சார் இது? தினமும் கதவைத் திறந்துபோட்டு, புள்ளைங்களையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

அவர் பதறி எழுந்தார். "இல்ல சார், இதைத்தான் அன்னைக்கே உங்ககிட்ட சொல்லலாம்னு..."

"அன்னைக்கே கேட்டாச்சு. இனிமே கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. புள்ளைங்க இங்கதான் ஆடும். உங்களுக்குப் பிடிக்கலேன்னா கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருங்க. வயசுப் பொண்ணுங்க இருக்கிற இடம் சார்."

அந்தக் கடைசி வார்த்தை போய்த் தைத்துவிட்டது. கண்ணாடிக் கடைக்காரரின் முகம் சுருங்கிப்போனது. என்னவோ சொல்ல வாயெடுத்தவர், பிள்ளைகள் இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"சரி சார். சாத்திடறேன்."

நாற்காலியை உள்ளே இழுத்துக்கொண்டார். கதவு மூடியது. தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டது.

சரியாக அந்த நேரம் பார்த்து மகள் பகடையை உருட்டியிருந்தாள்.

"ஆறு" என்றாள்.

"பொய். ஒண்ணுதான் விழுந்துச்சு" என்றது இன்னொரு குரல்.

"எங்க விழுந்துச்சுன்னே தெரியல, அதுல ஆறு எங்க தெரிஞ்சுது உனக்கு?"

யாரோ தவழ்ந்து தேடப்போய் லூடோ அட்டை கவிழ்ந்தது. காய்கள் படிகளில் உருண்டன. சின்னது ஒன்று பயந்து அழ ஆரம்பித்தது.

கண்ணைக் கட்டி விட்டதுபோல் அப்படி ஓர் இருட்டு. செயலாளர் சுவரைத் தடவிச் சுவிட்சைக் கண்டுபிடித்துப் போட்டார். அணைத்துவிட்டு மறுபடியும் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை.

"இந்தக் கட்டடத்துல ஒண்ணாவது உருப்படியா இருக்கா? இந்த லைட்டுக்கு என்ன கேடு?"

இருட்டுக்குள்ளிருந்து மகள் அலுத்துக்கொண்டாள்.

"பல்பு இருந்தாத்தானேப்பா எரியும்? கரண்டு மிச்சமாகும்னு மாடிப்படி பல்பையெல்லாம் நீங்கதானே கழட்டச் சொன்னீங்க. அதனாலதான் எங்களுக்கு வெளிச்சம் வரட்டும்னு அந்த மாமா தினமும் கதவைத் திறந்து வெச்சு உக்காந்திருந்தாரு."